50 கேபிக்குள் படம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இணைய விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். செல்போனில் எடுத்த படமோ 4 எம்பி. தரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் முகம் கட்டம் கட்டமாகச் சிதைகிறது. அப்போதும் 50க்கு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: தரத்தைத் தொடுவதற்கு முன் படத்தின் நீள அகலத்தைக் குறையுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 50 கேபி என்பது சுமார் 4 லட்சம் பிட் (பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு). புள்ளிக்கு ஒரு பிட்டில் முப்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான கோப்பு முறையான ஜேபெக்கில் அதற்குள் ஒரு முகத்தை ஒழுங்காக எழுத முடியாது. அதே படத்தை 450க்கு 600 புள்ளிகளாகச் சுருக்கினால் மொத்தம் 2 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள்தான்; ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றரை பிட் கிடைக்கும். முகம் தெளிவாக இருக்க அது தாராளம்.

ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களைக் கழிக்கிறது. தரத்தை மிகவும் இறக்கினால் தெரிகிற மாற்றங்களும் போய், கட்டத்துக்கு ஒரே சாயல் மிஞ்சுகிறது. நீங்கள் பார்த்த சிதைவு அதுதான்.

ஆகவே முதலில் தேவையற்ற ஓரங்களை வெட்டுங்கள். தோளும் தலையும் போதும் என்றால் பாதிப் படம் அங்கேயே கழிந்துவிடும். பிறகு நீள அகலத்தைக் குறையுங்கள். விண்ணப்பத்தில் புள்ளிக் கணக்கு கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தரத்தை (100க்கு) 85இல் தொடங்கி ஐந்தைந்தாக இறக்குங்கள். 60 வரை வந்தும் அடங்கவில்லை என்றால் தரத்தை விட்டுவிட்டு நீள அகலத்தை இன்னும் கொஞ்சம் குறைப்பதே மேல். இந்தத் தர எண் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் 12தான் உச்சம். எண்ணை நம்பாமல் கோப்பின் அளவையும் படத்தையும் பாருங்கள். கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தைத் தெரிவு செய்தால், சேமிக்கும் முன்பே கோப்பின் அளவு தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முயற்சியையும் மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும். இது மிக முக்கியம். ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கைத் திறந்து மீண்டும் சுருக்கினால், முன்பு விழுந்த சிதைவையும் சேர்த்து மென்பொருள் எழுதும். பலரின் படம் பாழாவது இங்கேதான்.

இன்னொன்று: பின்னணியில் இலை தழைகள் இருந்தால் நுணுக்கங்கள் அதிகம், கோப்பும் பெருக்கும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்திலும் புள்ளி புள்ளியான இரைச்சல் இதே வேலையைச் செய்யும். வெற்றுச் சுவரின் முன், நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அதே தரத்தில் கோப்பு கணிசமாகச் சிறுக்கும்.

கேள்வி: என் கணினியில் சரியாக 50 கேபி காட்டுகிறது. ஆனாலும் ‘கோப்பு பெரிது’ என்று தள்ளிவிடுகிறது.

பதில்: ஒரு கேபியை 1,000 பைட் என்று கணக்கிடும் தளங்களும் உண்டு, 1,024 என்று கணக்கிடுபவையும் உண்டு. ஆகவே வரம்பு 50,000 பைட்டாகவும் இருக்கலாம், 51,200 ஆகவும் இருக்கலாம். 45 கேபியைக் குறிவைத்தால் இரண்டிலும் தேறும். கோப்பின் பண்புகளில் இரண்டு அளவுகள் தெரியும். ‘சைஸ்’ என்பதைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்பது வட்டில் அடைக்கும் இடம், அது பெரும்பாலும் சற்றே கூடுதலாக இருக்கும்.

கோப்பின் வகையையும் சோதியுங்கள். ஹெய்க் (சில செல்போன்கள் படம் சேமிக்கும் வேறொரு கோப்பு வகை) படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் அது ஜேபெக் ஆகிவிடாது. மென்பொருளில் திறந்து, ஜேபெக்காகவே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கேள்வி: டிபிஐயை 300இலிருந்து 72 ஆக்கினேன். கோப்பின் அளவு மாறவே இல்லையே?

பதில்: மாறாது. அச்சிடும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்லும் குறிப்பு மட்டுமே அது. ‘ரீசாம்பிள்’ என்பதையும் தெரிவு செய்திருந்தால்தான் புள்ளிகள் குறைந்து, கோப்பும் சிறுக்கும்.

கேள்வி: படத்துக்குள் இருக்கும் கேமரா விவரங்களை நீக்கினால் இடம் மிச்சம் என்றார்கள். நீக்கியதும் படம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

பதில்: செல்போன்கள் பல நேரங்களில் படத்தை உண்மையில் திருப்புவதில்லை, ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் எக்சிஃப் எனப்படும் அந்தக் கேமரா விவரங்களில் எழுதி வைக்கின்றன. விவரங்களை நீக்கியபோது அந்தக் குறிப்பும் போய்விட்டது. முதலில் படத்தை நிமிர்த்திச் சேமியுங்கள், பிறகு நீக்குங்கள். நிறக் குறிப்பும் இதேபோல்தான்: இணையத்தில் வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் நீக்கினால் நிறம் வெளிறிப்போகலாம். 4 எம்பி படத்தில் இந்த விவரங்கள் பொருட்டல்ல. 50 கேபி வரம்பில் அவற்றோடு ஒட்டியிருக்கும் சிறுபடம் ஒன்றே சில கேபிகளைத் தின்றுவிடும் என்பதால், நீக்குவது நல்லதுதான். எடுத்த இடத்தின் விவரமும் அதோடு போய்விடும்.

கேள்வி: சான்றிதழை 200 கேபிக்குள் அனுப்ப வேண்டும். சுருக்கினால் எழுத்துகள் மங்குகின்றன.

பதில்: ஏ4 தாளை 300 டிபிஐயில் வருடினால் (ஸ்கேன் செய்தால்) 2480க்கு 3508 புள்ளிகள். 150இல் வருடினால் 1240க்கு 1754. புள்ளிகள் கால் பங்காகிவிடும், சாதாரண எழுத்துகளும் படிக்கும்படியே இருக்கும். நிறம் தேவையில்லை என்றால் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள். அதன்பின் கருமை, வெண்மை அளவைச் சரிசெய்யும் ‘லெவல்ஸ்’ அமைப்பில் தாளின் பழுப்பை முழு வெள்ளையாக்குங்கள். தாளின் இழைகளும் நிழல்களும் மறைந்தால் அவற்றுக்குச் செலவான பைட்டுகள் எழுத்துக்குக் கிடைக்கும்.

நிற முத்திரை தெரிய வேண்டும் என்றால் ஒரு கவனம் தேவை. ஜேபெக் வழக்கமாக நிற விவரத்தைப் பாதி நீள அகலத்தில்தான் சேமிக்கும். முகத்தில் அது தெரியாது. சிவப்பு எழுத்திலோ விளிம்பு கசியும். நிற விவரத்தை இப்படிக் குறைக்கும் ‘சப்சாம்ப்ளிங்’ அமைப்பை 4:4:4 (அதாவது குறைக்காமல்) என்று வையுங்கள். கோப்பு சற்றுப் பெருக்கும், அதைத் தரத்தில் ஈடுகட்டலாம்.

கேள்வி: கையெழுத்துப் படம் குறைந்தது 10 கேபி இருக்க வேண்டுமாம். எனக்கு 6 கேபிதான் வருகிறது.

பதில்: சுருக்கிய படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். மூலப் படத்திலிருந்து நீள அகலத்தைக் கூட்டி எடுங்கள். நீள அகலம் கட்டாயம் என்றால் தரத்தை 95க்கு உயர்த்துங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், பின்னணியை முழு வெள்ளையாக்காமல் தாளின் இயல்பான சாயலோடு விட்டுச் சேமியுங்கள். அந்த இழைகளே கோப்பை 10 கேபிக்கு மேல் கொண்டுபோய்விடும்.