பிக்அப்பின் முன் பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என் பிக்அப்பில் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரங்களில் கீச்சென்று சத்தம் வருகிறது. பேடுகளோடு டிஸ்க்குகளையும் மாற்றியாக வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். கடையில் விதவிதமான பேடுகளைக் காட்டுகிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எதை வாங்குவது? நானே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகியவர் என்றால் தாராளமாக மாற்றலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். புதிய பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும், அது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பல பேடுகளில் இந்த நிலை வரும்போது டிஸ்க்கில் உரசிச் சத்தமெழுப்புவதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கும் கீச்சொலி அதுவாக இருக்கலாம். கரகரவென்று அரைக்கும் சத்தமாக இருந்தால், இரும்போடு இரும்பு உரசத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வண்டியை ஓட்டாதீர்கள்.

டிஸ்க்கை மாற்றச் சொல்பவரிடம், அதன் தடிமன் இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். எந்த அளவுக்குக் கீழே தேயக் கூடாது என்பதை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் தெரியும். மைக்ரோமீட்டரால் நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். சாதாரண வெர்னியரால் அளந்தால், தேயாமல் நிற்கும் ஓர விளிம்பு இடையில் வந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். அளவு எல்லைக்கு மேல் தாராளமாக இருந்து, ஆழமான கீறலோ வெடிப்போ இல்லாமல், பிரேக் பிடிக்கையில் பெடலிலும் ஸ்டியரிங்கிலும் அதிர்வு இல்லை என்றால் டிஸ்க்கை மாற்றத் தேவையில்லை. அளந்து காட்டாமல் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேடு வகைகளில், ஆர்கானிக் பேடு சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது ஏறும் சூட்டில் அதன் பிடிப்பு குறையும். செராமிக் பேடு விலை கூடியது; தூசியும் சத்தமும் குறைவு. உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக் பேடு சூட்டை நன்றாகத் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும், சக்கரத்தில் கருந்தூசி படியும். பாரம் ஏற்றும் வண்டி என்றால் என் பரிந்துரை செமி மெட்டாலிக்தான். எந்த வகையானாலும் உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பாக எண்ணைச் சரிபார்த்து, பெட்டி பிரிக்கப்படாததாக, பில்லுடன் வாங்குங்கள். கிளிப்புகளும் சேர்ந்து வரும் செட்டாக இருந்தால் நல்லது.

வேலையைச் சமதளத்தில் செய்யுங்கள். பின் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டு மீது இறக்கி நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்கக் கூடாது. கழற்றிய காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனின் மேல் பழைய பேடை வைத்து, கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியக்கூடும். அது பெயிண்டை அரிக்கும், ஆகவே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், அது மூச்சில் போகக் கூடாதது. பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். போல்ட்டுகளையும் நட்டுகளையும் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்குங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்பு, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிகளில் பெடல் தரைவரை போகும். இதை மறந்து கியரைப் போட்டால் வண்டி நிற்காது. மிதித்த பிறகும் பெடல் பஞ்சுபோல அமுங்கினால் எடுக்காதீர்கள், ஆயில் கசிவோ குழாயில் காற்றோ இருக்கிறது.

கேள்வி: வலப்பக்கத்தில் உட்புறப் பேடு மட்டும் வெகுவாகத் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. முன்பக்கத்து நான்கு பேடுகளையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். அதைவிட முக்கியம், ஒரு பேடு மட்டும் ஏன் தேய்ந்தது என்பது. பொதுவாகக் காணப்படும் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உட்புறப் பேடை அழுத்தும்போது, காலிப்பர் தன்னைத் தாங்கும் வழுக்குக் கம்பிகளான ‘பின்’களின் மீது நகர்ந்து வந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்தும். பின்களில் துருவேறி இறுகிவிட்டால் அந்த நகர்வு நின்று, முழுச் சுமையும் உட்புறப் பேடின் மேல் விழும். பின்களை உருவிப் பாருங்கள்: விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இறுகியிருந்தால் துருவை நீக்கி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். பேடின் உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ எந்தக் கிரீஸும் படக் கூடாது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பின்கள் சரியாக இருந்து, பிஸ்டன்தான் உள்ளே போக மறுக்கிறது அல்லது அதன் ஓரத்தில் ஈரக்கசிவு தெரிகிறது என்றால், புதுப் பேடு போட்டுப் பயனில்லை. காலிப்பரைத்தான் கவனிக்க வேண்டும், அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.