சீருடைக்கும் வெறுப்புக் குற்றச் சட்டமா?

நிறம், மதம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் குறிவைத்துத் தாக்கினால் கூடுதல் தண்டனை தருவது வெறுப்புக் குற்றச் சட்டம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம் அதில் போலீஸ் போன்ற சீருடைப் பணியாளர்களையும் சேர்த்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் ஐந்து போலீஸார் கொல்லப்பட்ட பிறகுதானே இந்தச் சட்டம் வந்தது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லூசியானாவின் அப்போதைய ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் 2016 மே மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார் (அவர் குடும்பமே ஷெரிஃப் குடும்பம், அதாவது உள்ளூர்ப் போலீஸ் தலைவர்கள்). டல்லாஸ் சம்பவம் ஜூலை 7. பத்து நாள் கழித்து, லூசியானாவிலேயே பேட்டன் ரூஜ் நகரில் மூன்று போலீஸார் கொல்லப்பட்டார்கள். சட்டம் அமலுக்கு வந்ததோ ஆகஸ்ட் 1. முன்பே வந்திருந்தாலும் யார்மேல் வழக்குப் போடுவது? சுட்டவனை போலீஸார் அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

யாருக்குப் பாதுகாப்பு? தண்டனை எவ்வளவு?

போலீஸ், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர். பெரிய குற்றமென்றால் மூலத் தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். சிறு குற்றத்துக்கு ஆறு மாதம், 500 டாலர்.

போலீஸை அடித்தால் ஏற்கெனவே தனித் தண்டனை உண்டே?

உண்டு. கடமையில் இருக்கும் போலீஸ்காரரைக் கொன்றால் லூசியானாவில் மரண தண்டனை வரை போகலாம். அதன்மேல் ஐந்தாண்டு கூட்டி என்ன ஆகப்போகிறது? சிறிய வழக்குகளில் சிக்கல் வேறு மாதிரி. கைது செய்யும்போது ஒருவன் திமிறி உதைக்கிறான் என்று வையுங்கள். பழைய சட்டப்படி, எதிரில் இருப்பவர் போலீஸ் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். புதிய சட்டப்படி, போலீஸ் என்பதற்காகவே அவரைக் குறிவைத்தான் என்று நிரூபிக்க வேண்டும். அது வெறுப்பா, தப்பித்து ஓடும் பதற்றமா? எந்த அரசு வக்கீலும் சுலபமான வழியைத்தான் எடுப்பார். அதனால்தான் இதைச் சட்டம் என்பதைவிட அறிவிப்புப் பலகை என்கிறேன்.

போலீஸைத் திட்டினாலே உள்ளே தள்ளிவிடலாமா?

முடியாது. அடிப்படையாக ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். வெறும் வசவுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு.

நிறம், மதத்தோடு வேலையையும் சேர்ப்பதில் என்ன தப்பு?

'சீருடையைக் கழற்றலாம், தோலைக் கழற்ற முடியுமா' என்பார்கள். அந்த வாதம் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. மதத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம், ஆனாலும் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொன்றபோது போலீஸும் நீதிமன்றமும் கண்டுகொள்ளாத ஊர்கள் அமெரிக்காவில் எத்தனையோ இருந்தன. வெறுப்புக் குற்றச் சட்டம் என்ற ஒன்று தேவைப்பட்டதே அந்த மாதிரி அலட்சியத்தால்தான். போலீஸ்காரர் அடிபட்ட வழக்கை எந்த ஊரில் கிடப்பில் போட்டார்கள்?

அப்படியானால் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு என்ன வழி?

இங்கிலாந்து, வேல்ஸ் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. 2018 சட்டத்தில் வெறுப்பு என்ற பேச்சே இல்லை. அவசரப் பணியாளரைப் பணியில் இருக்கும்போது தாக்கினால் உச்சத் தண்டனை ஓராண்டு. 2022-ல் அதை இரண்டாண்டாக்கினார்கள். குடிபோதையில் கை ஓங்கும் நோயாளியின் மனதுக்குள் புகுந்து பார்க்கும் வேலை அங்கே நீதிபதிக்கு இல்லை.