கறுப்பு வெல்வெட் இலையும் கச்சான் காற்றும்

பிலோடென்ட்ரான் மெலனோகிரைசம் என்ற கொடியை 6 வருடமாக வீட்டுக்குள் வளர்க்கிறேன். அதைப் பற்றி நம் திருகோணமலைப் பக்கத்துச் செடிப் பைத்தியங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

உப்புவெளியில் இருந்து: அக்கா, இது கொலம்பியாச் செடியாமே. எங்கள் வெக்கையைத் தாங்குமா?

வெக்கையைத் தாங்கும் தங்கச்சி. வறட்சியைத்தான் தாங்காது. கொலம்பியாவில் மலையடிவார ஈரக்காட்டுக்குள் மரம் பிடித்து ஏறும் கொடி இது. அங்கே காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். நமக்கு அது மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரைதான் கிடைக்கும். அந்த மாதங்களில் செடி தானாகவே தளதளவென்று இருப்பதைப் பார்த்து, 'எனக்குக் கைராசி' என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு கச்சான் வந்தது. (கொறிக்கிற கச்சான் இல்லை, அடிக்கிற கச்சான்.) மழையை மலைநாட்டின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம்மிடம் வருகிற காற்று. ஒரே பின்னேரத்தில் இலை விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

வைகாசி முதல் ஆவணி வரை மேற்கு யன்னலைச் சாத்தி வையுங்கள். கிழக்கு யன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். செடிகளைக் கூட்டமாக வைத்து, கீழே ஒரு தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வையுங்கள். சாடியின் அடி தண்ணீரில் தொடக்கூடாது. ஏசி அறையில் வைப்பதும் கச்சானில் வைப்பதும் ஒன்றுதான்.

புது இலை உறைக்குள் சிக்கிக் கிழிந்து வருகிறது. இழுத்து விடலாமா?

ஐயோ, தொடாதீர்கள். அதுவும் ஈரக்குறைவுதான். நனைத்த பஞ்சை உறை மேல் சுற்றி ஒரு இரவு விடுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

நிலாவெளி: தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். ஆனாலும் இலை நுனி கருகுகிறது. எங்கள் கிணறு கொஞ்சம் சவர்.

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. ஊற்ற ஊற்றச் சாடிக்குள் உப்புச் சேரும். மாரி மழைத் தண்ணீரைப் பீப்பாயில் மூடிப் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர். அதையும் வாளியில் ஒரு இரவு வைத்து ஊற்றுகிறேன்.

உப்பு இன்னொரு வழியாலும் வரும். நான் வாங்கிய முதல் துண்டு செத்தது தும்புச்சோற்றால் (தும்பு எடுக்கும்போது உதிரும் தூள்). கடையில் வாங்கி அப்படியே சாடியில் போட்டேன். பொச்சை (தேங்காய் மட்டையை) உவர்நீரில் ஊறவைத்துத் தும்பு எடுத்தால் அந்த உப்பு சோற்றிலும் தங்கிவிடும். இரண்டு கிழமையில் வேர் பழுப்பாகிவிட்டது. இப்போது மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, நிறம் தெளிந்த பிறகுதான் பாவிக்கிறேன். அதோடு பொச்சுத் துண்டு, சிரட்டைக்கரி, கொஞ்சம் மக்கிய இலை. வெறும் மண் வேண்டாம், வேருக்கு மூச்சு முட்டும். விரலை விட்டுப் பார்த்து, மேல் பகுதி காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அக்கா, படங்களில் இலை முழங்கை நீளம் இருக்கிறது. என்னுடையது உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. உரம் போடவா?

உரத்தை விடுங்கள், கொடிக்கு ஏற ஒன்று கொடுத்தீர்களா? பிலோடென்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் மரத்தை நேசிப்பது என்று பொருள். மணி பிளான்டைப் பாருங்கள். போத்தலில் வைத்தால் வெற்றிலை அளவு. அதே கொடி பலாமரத்தில் ஏறினால் இலை முறம் போல விரிந்து கிழிந்து தொங்கும். இதற்கும் அதே குணம்.

பிளாஸ்டிக் வலையைக் குழாய் போல் சுருட்டி, உள்ளே கழுவிய பொச்சையும் தும்பையும் அடைத்துச் சாடியில் நட்டு வையுங்கள். மேலே இருந்து தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்த கம்பை வேர் பிடிக்காது. தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். கணுவில் இருந்து வரும் வேர் உள்ளே நுழைந்த பிறகு பாருங்கள், ஒவ்வொரு இலையும் முந்தியதை விடப் பெரிதாக வரும். புது இலை செம்பு நிறத்தில் பிறந்து, கறுக்கக் கறுக்க வெளிச்சத்தில் பொன் மினுங்கும். பெயரின் பின்பாதியும் அதுதான், கறுப்பும் பொன்னும்.

இலை பளபளக்கத் தேங்காயெண்ணெய் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். வெல்வெட் சேலைக்கு எண்ணெய் பூசுவீர்களா? தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

வீட்டில் பூனையும் தவழ்கிற பிள்ளையும் இருக்கு.

எட்டாத உயரத்தில் வையுங்கள். சேம்பு, கருணைக் குடும்பம்தான் இது. அந்த அரிப்பே இதன் சாற்றிலும் இருக்கிறது. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். வெட்டும்போது நீங்களும் கையுறை போடுங்கள்.

மலிவாக ஒரு இலை மட்டும் விற்கிறார்கள். வாங்கலாமா?

கணு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் வளையம் போல, பக்கத்தில் சின்ன மொட்டோடு இருக்கும். காம்போடு வெறும் இலை என்றால் வேர்கூட விடலாம், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கலாம், ஆனால் குருத்து வரவே வராது. நானும் அப்படி ஒன்றை 9 மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்.