எம்.எல்.டி. இன்டர்ன்ஷிப்: எந்த லேபில் சேருவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி மூன்றாம் வருடம் முடியப்போகிறது. அடுத்து ஒரு வருட இன்டர்ன்ஷிப். இரண்டு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. ஒன்று பெரிய தனியார் லேப். ஏசி, மாதம் கொஞ்சம் ஸ்டைபெண்டும் உண்டு. இன்னொன்று அரசு ஆஸ்பத்திரி. ஸ்டைபெண்ட் இல்லை, கூட்டம் தாங்காது என்கிறார்கள். வீட்டில் தனியாருக்கே போகச் சொல்கிறார்கள். ஊசி குத்திக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. எதில் சேரலாம்?

பதில்: இடத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாதி இன்டர்ன்ஷிப் பாதுகாப்பில்லாமலே ஓடிவிடும். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-ஹெச்.பி.எஸ். டைட்டர் (தடுப்பூசியால் ரத்தத்தில் வந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு) பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சின்ன வயதில் போட்டவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் பயம் நியாயமானது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். ஹெச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சி-க்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்பு 6-லிருந்து 30 சதவீதம் வரை. எல்லோரும் நடுங்குவது முதலாவதைப் பார்த்து. உண்மையில் ஆபத்து அதிகம் மூன்றாவதில். அதற்குத்தான் கையில் தடுப்பூசி இருக்கிறது.

குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், பிளீச், ஸ்பிரிட் எதுவும் ஊற்ற வேண்டாம். உடனே சீனியரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைப்பதுதான் மாணவர்கள் செய்கிற பெரிய தப்பு. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஆகவே சேரும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாரைக் கூப்பிடுவது, மருந்து எங்கே இருக்கும்? இதற்குச் சட்டென்று பதில் வராத லேபில் கொஞ்சம் யோசித்துச் சேருங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டவே கூடாது. பெரும்பாலான குத்தல்கள் தவிர்க்கக்கூடியவை. ஊசி நேராக வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி கூர்மையானவற்றுக்கு வெள்ளை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம்.

சரி, எந்த இடம்? என் யோசனை அரசு ஆஸ்பத்திரி. ஆனால் ஒரு நிபந்தனையோடு.

பெரிய தனியார் லேபில் எல்லாம் இயந்திரம். டியூபைத் தட்டில் வைத்தால் முடிவு திரையில் வந்துவிடும். அங்கே இன்டர்னை எங்கே நிறுத்துவார்கள்? பெரும்பாலும் சாம்பிள் வாங்கி பார்கோடு ஒட்டுகிற கவுண்டரில். அதுவும் தேவையான வேலைதான், ஒரு மாதம் நின்றால் போதும். பத்து மாதம் அங்கேயே நின்றால், கையில் சான்றிதழ் இருக்கும், கைக்கு வேலை தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாது. அதனாலேயே உங்களை ரத்தம் எடுக்கவும், ஸ்மியர் போடவும் (கண்ணாடித் துண்டில் ரத்தத்தை மெல்லிசாகப் பரப்புவது), சளியில் காசநோய்க் கிருமி தெரியச் சாயம் ஏற்றி ஸ்டெயின் செய்யவும் விடுவார்கள். நூறு ஸ்மியர் போட்ட கைக்கும் ஐந்து போட்ட கைக்கும் உள்ள வித்தியாசம் வேலைக்கான நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிபந்தனை இதுதான்: கலெக்ஷன், ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஹிஸ்டோபேத்தாலஜி, பிளட் பேங்க் என்று எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். போன வருடம் அங்கே இருந்த யாரையாவது பிடித்து, ‘ஒரு பிரிவிலேயே உட்கார வைத்துவிட்டார்களா? தப்பு செய்தால் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?’ என்று கேளுங்கள். தனியார் லேபில் இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்து, அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்காவிட்டால் தாராளமாகத் தனியாருக்குப் போங்கள். எதுவானாலும் உங்கள் கல்லூரியின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; அவர்கள் ஏற்காத இடத்தில் வேலை செய்தால் அந்த வருடம் கணக்கில் வராமல் போகலாம். பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் முதலில் பழக வேண்டியது ரத்தம் எடுக்கிற வேலை. எந்த டியூபை முதலில் நிரப்புவது என்ற வரிசை, மூடியின் நிறப்படி, உங்களுக்குப் பரீட்சைக்குத் தெரியும்: பிளட் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில்), நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். கூட்டத்தில் அது மறந்துபோகும். ஊதா மூடி டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இ.டி.டி.ஏ. அதை முதலில் நிரப்பி, அடுத்து மஞ்சள் டியூபுக்குப் போனால் மருந்து ஒரு துளி தொற்றிக்கொண்டு போகலாம். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். நன்றாக இருக்கிற நோயாளிக்கு இதய ஆபத்து என்று நினைத்து டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். நீல டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (இதுவும் உறையாமல் தடுப்பதுதான்) என்பது கணக்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் ரத்தம் உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும்.

பெயர் கேட்பதில் இன்னொரு விஷயம். ‘நீங்கதானே லட்சுமி?’ என்று கேட்காதீர்கள். பாதித் தூக்கத்தில் இருக்கிற நோயாளி எதற்கும் தலையாட்டுவார். வார்டில் இரண்டு லட்சுமி இருப்பதும் சாதாரணம். பெயரை அவர்கள் வாயால் சொல்ல வைத்து, ஐ.பி. நம்பரோடு (உள்நோயாளி எண்) ஒத்துப் பார்த்து, ரத்தம் எடுத்ததும் படுக்கை பக்கத்திலேயே லேபிள் ஒட்டுங்கள். தமிழும் இங்கிலீஷும் மட்டும் பெங்களூருவில் போதாது. அல்சூர்ப் பெண்ணுக்குக் கன்னடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டில் தமிழே பேசி வளர்ந்திருந்தால் ‘ஹெசரு ஏனு?’ (பெயர் என்ன?), ‘திண்டி ஆயித்தா?’ (டிபன் ஆச்சா?), ‘முஷ்டி மாடி’ (கையை மூடுங்கள்), ‘ஹெதரபேடி’ (பயப்படாதீர்கள்) ஆகியவை நாக்கில் தயாராக இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில்தான் வந்திருக்கிறாரா என்று அந்த ‘திண்டி’ கேள்விதான் காட்டிக்கொடுக்கும்.

மழைக்காலத்தில் டெங்கு வரும்போது பிளேட்லெட் கேட்டு வரிசை நிற்கும். இயந்திரம் 18,000 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ரிப்போர்ட்டை அனுப்பிவிடாதீர்கள். டியூபைச் சாய்த்து உள்ளே கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்மியர் போட்டு, ஓரங்களில் பிளேட்லெட்டுகள் கூட்டமாக ஒட்டிக்கிடக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சிலரின் ரத்தம் இ.டி.டி.ஏ.-வில் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கூட்டத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. சீனியரிடம் சொல்லி, நீல டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். எண்ணிக்கை உண்மையிலேயே குறைவாக இருந்தால், சீனியர் மூலம் வார்டுக்கு உடனே போன் போக வேண்டும். போனை எடுத்தவர் பிளேட்லெட் எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் எடுத்தார், எத்தனை மணி என்று எழுத வேண்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகப் பழகினாலே நீங்கள் பாதி டெக்னீஷியன்.

காலையில் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டி, இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வைக்கிறவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். புள்ளி கோட்டைத் தாண்டினால் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்லித்தர மாட்டார்கள்.

நைட் டியூட்டி உண்டா என்றும் முன்பே கேளுங்கள். நள்ளிரவில் மெட்ரோ கிடையாது; விடியும்வரை தங்க அறை இருக்கிறதா என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். ஸ்டைபெண்ட் இல்லாத வருடம் வீட்டுக்குப் பாரம்தான், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. பஸ் செலவுக்கே கஷ்டம் என்றால் தனியார் லேபை எடுத்துக்கொண்டு, பிரிவு மாற்றித் தரச் சொல்லி மாதாமாதம் வாய்விட்டுக் கேளுங்கள்.

லாக் புக்கை (செய்த வேலைகளைக் குறிக்கும் நோட்டு) அன்றன்றே எழுதி, அன்றே கையெழுத்து வாங்குங்கள். கடைசி மாதம் மொத்தமாக வாங்கலாம் என்று வைத்தால், சொல்லிக்கொடுத்தவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.