வாசகர் கேள்வி – பதில்: ஃப்ரித்தம், காட்டுக்குள் ஒரு குக்கிராமம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவின் வடக்குப் பக்கம் இருக்கிறது ஃப்ரித்தம். பெயரின் முன்பாதிக்கே பழைய ஆங்கிலத்தில் காடு என்றுதான் பொருள். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: படங்களில் கூரை வேய்ந்த ஒரு பப்பும் சில வீடுகளும்தான் தெரிகின்றன. ஒரு நாள் செலவழிக்க அங்கே என்ன இருக்கிறது?

ஊரைப் பார்க்க அரை மணி நேரம் போதும். நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வது சுற்றியுள்ள காடு.

கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கறுப்பு இரும்புத் தபால் பெட்டி ஒன்று நிற்கும். அங்கிருந்து சரிவில் இறங்கினால் ஒரு கிலோமீட்டருக்குள் ஐவொர்த் குளம். அல்லியும் வாத்தும் இருப்பதால் இயற்கைக் குளம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஷுல்ட்சே வெடிமருந்துத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டி, 1871இல் ஓடையை மறித்துக் கட்டியது. மரத்தூளிலிருந்து புகை குறைந்த துப்பாக்கி மருந்து செய்த ஆலை அது. வெடித்தால் சேதம் குறைய வேண்டும் என்பதால் இப்படி ஒதுக்குப்புறமான இடம். தபால்காரர் ஆலை வரை இறங்கி ஏற வேண்டாம் என்றுதான் மேலே அந்தப் பெட்டி.

அடுத்து ரூஃபஸ் கல். கிழக்கே, நேர்கோட்டில் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1100 ஆகஸ்ட் 2 அன்று வேட்டையில் அம்பு பாய்ந்து இறந்த இரண்டாம் வில்லியம் மன்னரின் நினைவுக்கல். இப்போது தெரிவது 1841இல் போட்ட இரும்பு உறை. வந்தவர்கள் பழைய கல்லைச் சேதப்படுத்தியதால் இதைப் போட வேண்டியதாயிற்று. மன்னர் விழுந்த இடம் இதுதான் என்பதில் வரலாற்று அறிஞர்களுக்கு ஒத்த கருத்து இல்லை. போகும் வழியில் ஸ்டோனி கிராஸில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளத்தின் சுவடுகளையும் கடப்பீர்கள்.

கார் இருந்தால் மின்ஸ்டெட் தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்றடுக்குப் பிரசங்க மேடை, வெளியே ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலின் கல்லறை. 1930இல் காலமான அவரது உடலை 1955இல்தான் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

ஃப்ரித்தமுக்கு ரயில் கிடையாது. பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்கினால் சாலை வழியே பத்து மைலுக்கு மேல். திரும்பும் டாக்சியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: போனில் மேப் இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் வராது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 22 வரைபடத்தை வாங்குங்கள். 1:25,000 அளவு, அதாவது 4 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டர்.

அதைப் படிப்பதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். பச்சைக் கோடு போட்ட நடைபாதை இங்கே மிகக் குறைவு. அதனால் நடக்க அனுமதி இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. மஞ்சள் சாயம் பூசிய திறந்தவெளியில் நடந்து செல்லும் உரிமை உண்டு. இரண்டாவது, கண்ணெதிரே தெளிவாகத் தெரியும் ஒற்றையடிப் பாதை குதிரைகள் போட்டதாக இருக்கலாம். அது வரைபடத்தில் இருக்காது, நேரே சதுப்பில் கொண்டுபோய் விடும். கண்ணைப் பறிக்கும் பச்சைப் பாசி, வெள்ளைப் பஞ்சு போன்ற புல், காலடியில் அதிரும் தரை: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்புங்கள். குறுக்கே தாண்டப் பார்க்காதீர்கள். மூன்றாவது, கட்ட எண்ணை, அதாவது வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்ணை, தலைகீழாகப் படிப்பது. கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு.

பழங்கால எழுத்துருவில் அச்சிட்ட பெயர்கள் எல்லாம் தொல்லியல் இடங்கள். டியூமுலஸ் என்றிருந்தால் அது பெரும்பாலும் வெண்கலக் காலப் புதைமேடு. புறப்படும் முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இதே இடத்தின் பழைய வரைபடங்களை இலவசமாகப் பாருங்கள். இங்கிலாந்து வரைபடங்களும் அங்கே கிடைக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், நடையை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: ஒரு காடு பழையதா, நட்டு வளர்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மரத்தின் தலையைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் அடிமரம் தடித்து நின்று, அங்கிருந்து பல கிளைகள் ஒரே இடத்தில் கிளம்பினால் அது தலைவெட்டு மரம். தரையை ஒட்டி வெட்டி மறுதாம்பு விட்டால் துளிரை மானும் குதிரையும் தின்றுவிடும். அதனால் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வெட்டினார்கள். கடற்படைக்கு நேரான மரம் தேவைப்பட்டதால் 1698ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்தது. ஆகவே நியூ ஃபாரஸ்ட்டில் தலைவெட்டிய ஓக், பீச் மரங்கள் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முந்தியவை. ஹோலி என்ற முள்ளிலை மரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அதைக் குதிரைத் தீனிக்காகப் பின்னாளிலும் வெட்டினார்கள்.

சுற்றளவையும் அளக்கலாம். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றுங்கள்; சரிவில் நின்றால் மேல்பக்கத் தரையிலிருந்து கணக்கு. தனியாக நிற்கும் மரத்துக்குச் சுற்றளவு ஆண்டுக்கு 2.5 செ.மீ., நெருக்கத்தில் வளர்ந்ததற்கு 1.25 செ.மீ. கூடும் என்பது கணக்கு. ஐந்து மீட்டர் சுற்றளவு என்றால் வெளியில் 200 வயது, காட்டுக்குள் 400. முண்டு இருக்கும் இடத்தில் அளந்தால் வயது கூடிவிடும். தலைவெட்டு மரம் மெதுவாகப் பருக்கும் என்பதால் கணக்கு குறைத்தே காட்டும்.

பிறகு தரை. மரங்களுக்கிடையே மேடும் பள்ளமும் சேர்ந்து நீண்டு ஓடினால் பழைய எல்லை. பள்ளம் வெளிப்புறம், மேடு உட்புறம் என்றால் கால்நடையை வெளியே நிறுத்தக் கட்டியது. பள்ளம் உள்ளே இருந்தால் மானை உள்ளே அடைத்த பூங்கா. அகன்று மழுங்கி வளைந்து போவது பழையது. கூராக நேர்கோட்டில் போவது பிந்தியது. இங்கிலாந்தில் 1600 முதல் தொடர்ந்து காடாக இருப்பதைத்தான் தொன்மைக் காடு என்கிறார்கள்.

கேள்வி: சாலையில் நிற்கும் குதிரைகளுக்குக் கேரட் கொடுக்கலாமா?

கூடாது. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. பொதுமேய்ச்சல் உரிமை உள்ளவர்கள் விட்டிருக்கும் குதிரைகள் அவை; கால்நடைகளை மேற்பார்க்கும் அலுவலர்களான அஜிஸ்டர்கள் வெட்டிவிடும் வால் முடியின் வடிவமே எந்தப் பகுதிக் குதிரை என்று சொல்லிவிடும். தின்னக் கொடுத்துப் பழக்கினால் சாலையோரத்தில் வந்து நின்று காரில் அடிபடும், பிள்ளைகளைக் கடிக்கவும் செய்யும். 2023 ஜூலையில் தீனி போடுவதற்கும் தொட்டுத் தடவுவதற்கும் தடை வந்தது. 100 பவுண்டு அபராதம். தீ மூட்டவும் பார்பிக்யூ போடவும் தடை உண்டு. வேலியில்லாத சாலைகளில் மணிக்கு 40 மைல் உச்சவரம்பு. இருட்டில் அதுவும் அதிகம் என்பேன்.

இலையுதிர் காலத்தில் பன்றிகளைக் கண்டால் மிரளாதீர்கள். பச்சை ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு, பன்றிக்குத் தீனி. அதற்காகவே குறைந்தது 60 நாள் அவிழ்த்துவிடுகிறார்கள். குட்டியோடு இருக்கும் பன்றியிடம் மட்டும் தள்ளியே நில்லுங்கள்.

கேள்வி: உண்ணி கடிக்கும் என்கிறார்களே?

கடிக்கும், லைம் என்ற பாக்டீரியா நோய் வரலாம். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் தேடுங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேரே மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் வட்டமாகப் படை பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் கடித்த விஷயத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃப்ரித்தமுக்குப் பக்கத்திலுள்ள ஸ்லோடன் காட்டில் ரோமானியப் பானை ஓடு கிடக்குமாமே, எடுத்து வரலாமா?

அங்கே 3, 4ஆம் நூற்றாண்டுகளில் பானைச் சூளைகள் இருந்தது உண்மை. 1920களில் தொல்லியல் ஆய்வாளர் ஹெய்வுட் சம்னர் இந்தப் பகுதிச் சூளைகளை அகழ்ந்து பதிவு செய்தார். ஓட்டைப் பார்த்தால் இருந்த இடத்திலேயே விடுங்கள். இடம் மாறிய ஓடு எந்தச் சூளையைச் சேர்ந்தது என்று பிறகு சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், கட்ட எண்ணைக் குறியுங்கள், தேசியப் பூங்காவின் தொல்லியல் பிரிவுக்கு அனுப்புங்கள். மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.