டிசைன் படம் வரைய எந்த மென்பொருள்? கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களுக்கு வடிவமைப்பு ஆவணங்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பெட்டியும் அம்புக்குறியும் போட எதைப் பாவிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

கொட்டாஞ்சேனை, கம்பஸ் கடைசி வருட மாணவி: அண்ணா, என்ட லெப்டொப்பில 4 ஜிபி ரெம்தான். விசியோ வாங்க வசதியில்லை. ப்ரொஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு என்னத்தால வரையிறது?

தங்கச்சி, விசியோ தேவையே இல்லை. ட்ரோ.ஐஓ இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கணக்குத் திறக்கவும் வேண்டாம். இன்ஸ்டோல் செய்யும் பதிப்பு இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அதற்குள்ளும் ஒரு பிரவுசர்தான் இருக்கிறது. வேர்டோடு சேர்த்துத் திறந்தால் உங்கள் மெஷின் திணறும். அப்படித் திணறினால் டியா என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். முகம் பழையது, ஆனால் கெதியாகத் திறக்கும், மென்பொருள் வடிவமைப்பைக் காட்டும் யூஎம்எல் வடிவங்களும் உள்ளே இருக்கின்றன.

கொள்ளுப்பிட்டி, மென்பொருள் பொறியியலாளர்: கிழமைக்குக் கிழமை டிசைன் மாறுது. அம்புக்குறியை இழுத்து இழுத்தே நாள் போகுது.

இழுப்பதை விட்டுவிட்டு எழுதுங்கள். எழுதியதைப் படமாக்கும் கிராப்விஸ்ஸில் ஒரு வரி இப்படித்தான் இருக்கும்:

"ஓடர்" -> "கட்டணம்" -> "விநியோகம்"

மூன்று நீள்வட்டமும் இரண்டு அம்பும் தானாக வந்து நிற்கும். நடுவில் "களஞ்சியம்" வர வேண்டுமா? ஒரு சொல்லைச் சேருங்கள், மற்றதெல்லாம் விலகி இடம் கொடுக்கும். கோப்பு வெறும் எழுத்து என்பதால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைக்கலாம். போன கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் என்ன மாறியது என்று வரி வரியாகத் தெரியும். படக் கோப்பில் அது நடக்காது.

உங்கள் கோட் கிட்ஹப் இணையத்தளத்தில் இருந்தால், இதேபோல எழுதிப் படமாக்கும் மெர்மெய்ட் இன்னும் வசதி. 2022 முதல் கிட்ஹப்பே அதைப் படமாக்கிக் காட்டுகிறது, எவரும் எதையும் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை. எந்த சேர்வர் எதை எப்போது அழைக்கிறது என்று காட்டும் சீக்வென்ஸ் படங்களுக்கு நான் இதே வகையான பிளான்ட்யூஎம்எல் பக்கம்தான் போவேன். அதற்கு ஜாவா வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எந்தப் பெட்டி எங்கே நிற்பது என்பதை இவை தாமே தீர்மானிக்கும். பெட்டிகள் பெருகினால் கோடுகள் பின்னிக்கொள்ளும். அங்கே மல்லுக்கட்டாமல் படத்தை இரண்டாகப் பிரியுங்கள். நிர்வாகத்துக்குக் காட்டும் அந்த ஒற்றை முழுப் படத்தை மட்டும் ட்ரோ.ஐஓவில் கையால் வரையுங்கள்.

பம்பலப்பிட்டி, உயர்தர ஐசிடி ஆசிரியை: ட்ரோ.ஐஓவில் தமிழ் வடிவாத் தெரியுது. எஸ்விஜியாக எடுத்து வேர்டில் போட்டால் எழுத்தைக் காணேல்ல!

டீச்சர், பிழை தமிழில் இல்லை. ட்ரோ.ஐஓ எழுத்தை வலைப்பக்கத்துத் துண்டாக எஸ்விஜி என்ற படக் கோப்புக்குள் வைக்கிறது. வேர்டுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எல்லாப் பெட்டிகளையும் தெரிவுசெய்து, வலப்பக்க எழுத்துப் பகுதியில் 'வேர்ட் ரப்', 'ஃபோர்மட்டட் டெக்ஸ்ட்' இரண்டின் சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். வரிகளை நீங்களே உடைக்க வேண்டியிருக்கும்.

தெஹிவளை: முடிஞ்ச படத்தை ஜேபெக்காக வச்சிருந்தால் போதாதா?

போதாது. ஒருமுறை ஒரு நிறுவனத்தின் வரைபடத்தில் ஒரே ஒரு பெட்டியின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. கைக்குக் கிடைத்தது வேர்டில் ஒட்டிய ஜேபெக் மட்டும். வரைந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மூலக் கோப்பும் அவரோடு போய்விட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகளை இரவு ஒரு மணி வரை இருந்து புதிதாக வரைந்தேன். எழுத்தின் ஓரங்கள் கலங்கிக் கிடந்ததில் ஒரு போர்ட் எண் 8080ஆ 3030ஆ என்று பிரிக்க ஏலவில்லை; விடிந்த பிறகு போன் எடுத்துக் கேட்டுத்தான் எழுதினேன்.

ஜேபெக் புகைப்படத்துக்கானது, மெல்லிய கோட்டைக் கெடுக்கும். பிஎன்ஜி அல்லது எஸ்விஜி எடுங்கள். எடுக்கும்போது வரைபடத்தின் பிரதியையும் உள்ளே சேர்க்கும் தெரிவை ட்ரோ.ஐஓவில் அழுத்துங்கள். பிறகு அந்தப் படத்தையே திறந்து திருத்தலாம். எக்ஸ்கலிட்ரோ என்ற இன்னொரு வரைகருவியிலும் இது உண்டு.

வெள்ளவத்தை: மீட்டிங்கில் பேசிக்கொண்டே கீற?

எக்ஸ்கலிட்ரோ. கையால் கீறியது போல இருப்பதால், முடிந்த முடிவு என்று பயப்படாமல் எல்லோரும் திருத்தம் சொல்வார்கள்.

மருதானை, மின் வேலை செய்பவர்: தம்பி, வீட்டு வயரிங் பிளானுக்கும் இதுகள் சரிவருமா?

ஐயா, எந்த அறையில் எந்த சுவிட்ச் என்று காட்ட மட்டும் என்றால் ட்ரோ.ஐஓ போதும். அளவு பிசகாமல் வேண்டுமென்றால் லிப்ரேகேட் போடுங்கள், அதுவும் இலவசம்.