ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு!

கேள்வி: பாகங்களை வாங்கி முதன்முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 7600 பிராசஸர், டிடிஆர்5 ரேம் இரண்டு. பட்டனை அமுக்கினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?
- வாசகர், திருச்சி

பதில்: அவசரப்பட்டு போர்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஃபேன் சுற்றுவதால் பிராசஸருக்கும் கரண்ட் போகிறது என்று அர்த்தமில்லை. போர்டின் மேல் ஓரத்தில் பிராசஸருக்கென்றே இருக்கும் 8 பின் கேபிளைச் செருகினீர்களா என்று பாருங்கள், புதிதாகச் செய்பவர்கள் போர்டுக்கான பெரிய 24 பின் கேபிளோடு நின்றுவிடுவது சகஜம். அப்புறம் ரேம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டென்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகள்தான். 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும், பலர் எங்கே உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், இந்த வகை போர்டுகள் முதல் தடவை டிடிஆர்5 ரேமைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் தொடாதீர்கள். அப்படியும் வரவில்லையா, ஒரே ஒரு ரேமை 2-ஆவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்) என்று குட்டி விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.